காகத்துக்கு நான் கட்டிய பரண்

ஜெர்மனியில், பீலெஃபெல்டுக்கு வெளியே ஓர் ஈரப் புல்வெளியைப் பராமரிப்பது என் வேலை. பறவைகளும் அங்கேதான், வேட்டைக்காரரும் அங்கேதான். இரு தரப்பும் என்னைத் திட்டும். பறவைகள் பரவாயில்லை, அவை மேலிடத்துக்குக் கடிதம் எழுதுவதில்லை.

அந்த வசந்தத்தில் ஒரே ஒரு சோடி ஆட்காட்டிக் குருவிதான் வந்தது. வெறும் நிலத்தில் நான்கு முட்டைகள். அவையும் போனால் அந்த வெளியில் ஆட்காட்டி என்ற பேச்சே இராது என்று பயந்தேன். காகங்களுக்கோ முட்டை என்றால் உயிர். வேட்டை உரிமம் வைத்திருந்த கிழவர் நரியைச் சுடுவார். அந்தப் பருவத்தில் காகத்தைச் சுடச் சட்டம் விடாது. போதாக்குறைக்கு, அவர் ஏறியிருந்து குறிபார்க்கும் மரப்பரண்தான் காகங்களுக்கும் வேவுபார்க்க வசதி. அதைக் கழற்றச் சொல்லி மூன்று கடிதம் எழுதினேன். அது தன் அப்பா கட்டியது என்று ஒரு வரியில் பதில் வந்தது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. காகம் விரட்ட எனக்குத் தெரியாதா? வெருளி கட்டுவதென்று முடிவெடுத்தேன்.

"உங்கட வேலை ஜக்கெட்டைப் போட்டு விடுங்கோ," என்றாள் மனைவி. "அதைக் கண்டா நானே பயப்பிடுறன்."

கூட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, இரண்டு தடிகளில் ஜக்கெட்டை மாட்டி, பழைய வாளியொன்றைத் தலையாகக் கவிழ்த்தேன். என்னைவிடக் கம்பீரமாக இருந்தது. ஆட்காட்டி திரும்பி வந்து முட்டையில் அமர்ந்ததும் திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை வாளியின் மேல் ஒரு காகம் இருந்தது. மரமே இல்லாத வெளியில், கூட்டுக்குப் பக்கத்திலேயே அதற்கு நானே ஒரு பரண் கட்டிக் கொடுத்திருந்தேன். கூட்டில் ஓடுகள் மட்டும் கிடந்தன. ஊருக்கு உபதேசம் எழுதிய அதே கையால் வெருளியைப் பிடுங்கினேன்.

கிழவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். மறைத்திருப்பேன், ஆனால் வாளியோடு நான் திரும்பி வந்ததை அவர் பரணிலிருந்து பார்த்துவிட்டார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"நாலுமோ?" என்று கேட்டார். அவருடைய ஜெர்மன் எனக்கு எப்போதும் யாழ்ப்பாணத் தமிழிலேயே கேட்கும்.

"நாலும்தான்," என்றேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டு கிழமை கழித்து அந்தச் சோடி மறுபடி முட்டையிட்டது. பதறிப்போய்ப் பரண் பக்கம் பார்த்தேன். பரண் இல்லை. நான்கு கால்களும் அடியோடு அறுக்கப்பட்டிருந்தன. அதன் பலகையொன்றை ஈரப் புல்லில் போட்டு, கிழவர் அதில் குந்தியிருந்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"முதல்ல இருங்கோ," என்றார். "நிண்டா உங்கட தலையிலயும் காகம் வந்து இருக்கும்."