இரட்டை முதுகு மலையில் ஏரி இல்லை

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். களக்காட்டுக்கு மேற்கே நிற்கிற இரட்டை முதுகு மலையைப் பற்றி ஊருக்கெல்லாம் கதை சொன்னவன் நான்தான். உச்சியில் பெரிய ஏரி இருக்கிறது, அதன் கிழக்குக் கரையைக் கொஞ்சம் வெட்டினால் தண்ணீர் நம் பக்கம் வந்துவிடும் என்று கடைக்கு எண்ணெய் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். நாற்பத்தெட்டு வயது வரை அந்த மலையில் நான் ஏறினதே இல்லை.

விரோதிகிருது வருசம் ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. குளம் வற்றிவிட்டது. பக்கத்து வீட்டு மாடசாமி கிணற்றில் கிடந்ததை இறைத்து நாற்றுப் பாவியிருந்தான். அதுவும் முற்றிக்கொண்டே போனது. சீக்கிரம் தண்ணீர் வந்து நடாவிட்டால் அவ்வளவு நாற்றும் மாட்டுக்குத்தான். ஒருநாள் கடப்பாரையோடு என் கடை முன்னால் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, அந்த ஏரியக் காட்டுங்க. கரைய வெட்டிப்புட்டு வந்துருவோம்."

"ஏலே, யாரோ சொன்னதத்தாம்லே நானும் சொன்னேன்."

"அப்பம் அந்த யாரையோ கூப்பிடுங்க. இல்லன்னா நீங்க நடங்க."

நடந்தேன்.

களக்காட்டிலிருந்து அடிவாரம் நாலு மைல். வண்டிக்கு எட்டணா கேட்பார்கள், ஆறணாவுக்கு வருவார்கள். வண்டிக்காரர் என் வயிற்றைப் பார்த்து, "ஏத்தத்துல அண்ணாச்சி எறங்கித் தள்ளணும்," என்றார். தள்ளினேன். ஆறணா குறையவில்லை.

கீழே உடைமுள்ளும் சுடுகிற பாறையும்தான். இரண்டு மைல் ஏறினால் அடர்ந்த காடு. வெயில் உள்ளே வராது, ஈரம் வெளியே போகாது, அட்டை ஏறும். உப்பும் புகையிலையும் துணியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், தொட்டால் விழுந்துவிடும். அதற்கும் மேலே மரமே கிடையாது. இடுப்பளவு புல்லும் காற்றும்தான். ஆனி ஆடியில் மலையாளப் பக்கத்து மேகம் அந்த முதுகில் முட்டி அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். நமக்கு வருவது சாரல். நம் மழையை ஐப்பசியில் கடல் பக்கமிருந்து கொண்டல் காற்றுதான் கொண்டுவர வேண்டும். அன்றும் கொண்டல் வீசியது. மேகம் இல்லாமல் வீசியது.

இரண்டு முதுகுக்கும் நடுவே, நான் ஏரி வைத்திருந்த இடத்தில், நெற்களம் அகலத்துக்குச் சேறு கிடந்தது. யானை மிதித்த குழிகளில் கொஞ்சம் தண்ணீர். ஓரத்தில் விரல் கனத்துக்கு ஓர் ஊற்று கசிந்து மேற்கே இறங்கியது.

கிழக்கு விளிம்பில் பாறை வெடித்திருந்தது. அரைநாள் இடித்தால் ஊற்றைத் திருப்பிவிடலாம். மாடசாமி கடப்பாரையை ஓங்கினான், பிறகு இறக்கினான்.

"எம்புட்டுத் தூரம் போவுதுன்னு மொதல்ல பாப்போம்."

செம்பில் மொண்டு கிழக்கே ஊற்றினான். காய்ந்த பாறையில் அது இரண்டு முழம் ஓடியது. பிறகு ஈரக் கறை மட்டும். பிறகு அதுவும் இல்லை. அவன் வயல் அங்கிருந்து எட்டு மைல்.

"இன்னொரு செம்பு ஊத்துலே," என்றேன். ஊற்றினான். அதுவும் அப்படித்தான்.

"போதும் அண்ணாச்சி. அந்தப் பக்கமாவது போட்டும்."

கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினான். பாதி வழியில், "இனி எண்ணெய மட்டும் அளங்க," என்றான். சரி என்று தலையாட்டினேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

போக நினைக்கிறவர்கள் தை மாசியில் போங்கள். விடியுமுன் ஏறினால் இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம். குடிக்கத் தண்ணீர் கீழேயிருந்தே கொண்டுபோங்கள். மலை நமக்கு மழை தருகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது பாட்டுக்கு நிற்கிறது, மேகம் வருகிற பக்கம் நனைகிறது.

மறுநாள் காலையில் மாடசாமி மாடுகளை நாற்றங்காலில் அவிழ்த்துவிட்டான். அவன் தனியாக நிற்க வேண்டாமே என்று நானும் வரப்பில் போய் நின்றேன். மாடுகள் மேய்ந்தன. செவலைக் காளை மட்டும் நாற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, வரப்பேறி வந்து, என் தோளில் கிடந்த துண்டை இழுத்துத் தின்றது. பாதி மிஞ்சியது. துண்டு புதிது.