டயர்க்கடை மாடியில் அமெரிக்க முழங்கால்கள்

போன வாரம் முழங்கால் வலியென்று நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் போயிருந்தேன். அவர் பேனாவைத் தொடவே இல்லை. காலரில் குத்தியிருந்த மைக்கில் ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். திரையில் எழுத்துகள் தானாக ஓடின. என்னையறியாமல் எட்டிப் பார்த்துவிட்டேன்.

"எந்தா சேச்சி?" என்றார்.

"ஒண்ணும் இல்ல டாக்டர். பிழை உண்டாண்ணு பாத்தேன்."

சிரித்தார். அந்த மைக் செய்கிற வேலைக்குத்தான் ஒரு காலத்தில் நான் சம்பளம் வாங்கினேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்!

உதியன்குளங்கரையில் ஒரு டயர்க்கடையின் மாடிதான் எங்கள் ஆபீஸ். படியேறினால் ரப்பர் வாசனை. உள்ளே ஏசிக் குளிரும், பல காது மாறிய ஹெட்போன் பஞ்சின் வியர்வை வாசனையும். பன்னிரண்டு பெண்கள். அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்துவிட்டுத் தூங்கப் போவார்கள், நமக்கு விடிந்திருக்கும். அவர்கள் எழும்புவதற்குள் டைப் செய்து அனுப்ப வேண்டும். தாவரவியல் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த எனக்கு அது சொர்க்கம். "எம் மவ அமெரிக்காவுக்காக்கும் வேலை செய்யுதா" என்று அப்பா எங்கள் ஊர் பாறசாலை முழுக்கச் சொல்லி நடந்தார். எந்த நோயாளியையும் அந்த டாக்டர்கள் 'இனிமையான மனிதர்' என்றே தொடங்குவார்கள். அங்கே நோய் வந்தால் குணம் நன்றாகிவிடும் போல என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.

நாங்கள் அடித்ததைச் சரிபார்ப்பவர் ஸ்டெல்லா அக்கா. நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டவர். ஒரு டாக்டரின் உச்சரிப்பு யாருக்கும் பிடிபடாமல் போனபோது, கேட்டுவிட்டுத் துள்ளினார். "எம்மா, இது நம்ம ஆளாக்கும்! பக்கத்து ஊரு காட்டாக்கடை இங்கிலீசு, கேட்டியா!" அன்றிலிருந்து அவர் எங்களுக்குக் காட்டாக்கடை டாக்டர்.

அவருடைய பதிவு ஒன்றை ஒருநாள் நான் அடித்தேன். மறுநாள் ஆபரேஷன் நடக்கவிருந்த ஒரு முதியவர். டாக்டர் தொடக்கத்தில் இடது முழங்கால் என்கிறார், முடிவில் வலது என்கிறார். நான் கவனிக்கவே இல்லை. அக்கா பிடித்துவிட்டார்.

மேனேஜர் விஜயன் சாருக்கு வேர்த்தது. "ஸ்டெல்லா, கேட்டத அடிச்சா போரும். டாக்டருக்கு நாம சொல்லிக் குடுக்காண்டாம். காண்ட்ராக்ட் போயிரும்."

"பின்னே, அந்த மனுசனுக்க நல்ல காலைக் கீறினா ஆரு சார் பதில் சொல்லுவா?"

"விட்டிருங்கக்கா" என்றேன் நான் மெதுவாக. என் வீரம் அவ்வளவுதான்.

"நீ சும்மாரு மக்கா" என்றவர், அறிக்கையின் மேலே, எந்தக் கால் என்று கேட்டுச் சிவப்பில் ஒரு குறிப்பு எழுதித் தானே அனுப்பிவிட்டார். விஜயன் சார் இரண்டு நாள் மெயிலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காட்டாக்கடை டாக்டரின் புதிய பதிவு. எடுத்தவுடன் அவர் ஆங்கிலத்தில் சொன்னார்: கால் மாறியதைக் கவனித்தது யாரோ, அவருக்கு நன்றி, இடதுதான் சரி, முதியவர் நடக்கத் தொடங்கிவிட்டார். பன்னிரண்டு பேரும் முறை வைத்துக் கேட்டோம். விஜயன் சாரும் கேட்டுவிட்டு, எல்லோருக்கும் பழம்பொரி வாங்கி வந்தார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் ஓடியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை பதிவுகள் எதுவும் வரவில்லை. நெட் கோளாறு என்று அரட்டையடித்துக்கொண்டிருந்தோம். மதியம் மெயில் வந்தது. இன்னும் மலிவாகச் செய்ய வேறொரு நாட்டில் ஆள் கிடைத்துவிட்டதாம். எங்களுக்கு அந்த வேலை வந்ததும் அதே காரணத்தால்தான் என்பதால், உரக்கக் கோபப்படவும் முடியவில்லை. விஜயன் சார் கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்தார்.

"அங்க உள்ளவியளுக்கு நம்ம டாக்டர் பேச்சு மனசிலாவுமா சார்?" என்று மட்டும் கேட்டார் அக்கா.

இப்போது அக்கா பாறசாலையில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறார். அந்த மாடியில் அழகுநிலையம், டயர்க்கடையும் இல்லை. நாங்கள் அங்கே வேலை பார்த்ததற்கு ஊரில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் அடித்தவளின் முதலெழுத்துகள் இரண்டு, சின்னதாக இருக்கும். அந்த எழுத்துகள் இன்னும் இருந்தால், அமெரிக்காவில் யாரோ ஒருவரின் முழங்கால் ஃபைலுக்குள் இருக்கும்.