மாமா செய்த மொழிபெயர்ப்பு

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஆவணி மாதச் சனிக்கிழமை ஒன்றில், ஜப்பானிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்து உப அதிபர் டென்மார்க்கில் பிராண்டே என்ற சின்ன ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜப்பானிலிருந்து எவராவது பிராண்டேக்கு வருவார்கள் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. ஹேர்னிங்கிலிருந்து வருவார்கள், கோல்டிங்கிலிருந்து வருவார்கள், மிஞ்சிப்போனால் லண்டனிலிருந்து வருவார்கள்.

அவர் வந்ததற்குக் காரணம் என் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஐந்து வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு டென்மார்க் வந்து, டேனிஷில் படித்து வளர்ந்து, கடைசியில் ஜப்பானில் ஒரு சின்ன மீன்பிடி ஊருக்கு ஆங்கிலம் படிப்பிக்கப் போனவர். தமிழும் டேனிஷும் மட்டுமே கதைக்கும் எங்கள் வீட்டிலிருந்து அங்கே ஆங்கிலத்துக்கு ஓர் ஆள் போனது எங்களில் ஒருவருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா கணினித் திரையில் வந்து தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லுவார். காலையில் ஆசிரியர்கள் வாசலில் வரிசையாக நின்று பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்லுவார்களாம். மத்தியானம் மாமா ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வகுப்பில் இருந்து பிள்ளைகளோடு சாப்பிடுவாராம். சாப்பிட்டு முடிந்ததும் அதிபர் உட்பட எல்லோரும் முழங்காலில் நின்று ஈரத்துணியால் தரை துடைப்பார்களாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் தரை துடைக்க ஒரு பெண் வருவாள், அவளுடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. நான் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். மாமா இருப்பது வேறொரு கிரகம் என்றே நம்பினேன்.

அந்த வருடம் மாமா தன் படிப்பிக்கும் முறையை மாற்றியிருந்தார்.

"இப்ப நான் பலகைக்கு முன்னாலை நிக்கிறேல்லை அக்கா. மேசை மேசையாப் போய், பக்கத்திலை குனிஞ்சு நிண்டுதான் ஒவ்வொருத்தரையும் கதைக்க விடுறன்."

"அது நல்லதுதானே," என்றார் அம்மா. "பிள்ளையளுக்கும் வெக்கம் போகும்."

உண்மைக் காரணம் எனக்கு இருபதாவது வயதில்தான் தெரியவந்தது. மாமாவே சொன்னார். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியன்று காற்று பெலமாக அடிக்க, மைதானத்தில் கட்டியிருந்த கூடாரம் ஆட்டம் கண்டிருக்கிறது. கம்பைப் பிடிக்கும்படி உப அதிபர் கூப்பிட, மாமா ஓடிப்போய்ப் பிடித்திருக்கிறார். கூடாரம் சரிந்து, இரும்புக் கம்பு தலையில் அடித்து, இடது காது கேளாமல் போய்விட்டது. ஒரு காதால் மட்டும் கேட்பவருக்குச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிபடாது. நாற்பது பிள்ளைகளில் எவர் பதில் சொன்னார் என்று தெரியாததால்தான் மாமா மேசை மேசையாகப் போனார். பிள்ளைகள் அதை டென்மார்க் முறை என்று நினைத்துக்கொண்டார்களாம்.

வீட்டுக்கு அவர் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அக்கா, "படிப்பிச்சது காணும், வந்து சேர்" என்பார் என்று அவருக்குத் தெரியும். மாமாவுக்கோ ஜப்பானுக்குத் திரும்பிப் போகவேண்டும். அந்தக் கோடையில் விடுமுறைக்கு வந்து எங்களோடு இரண்டு கிழமை சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்த மனிதருக்குள் இப்படியொரு இரகசியம் இருந்தது.

உப அதிபர் வருவார் என்பதை மட்டும் அவர் எதிர்பார்க்கவில்லை. ஓய்வு பெற்றவர் ஐரோப்பா பார்க்க வருகிறார், ஒரு மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிடுவார் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா உறைப்பில்லாமல் தேங்காய்ப்பால் சொதியும் இடியப்பமும் செய்தார். அப்பாவுக்கு அன்று தொழிற்சாலையில் வேலை. மாமா ரயில் நிலையத்துக்குப் போய் விருந்தாளியைக் காரில் கூட்டிவந்தார்.

சின்ன உருவம். நல்ல வெயிலிலும் கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியும். சப்பாத்துகளைக் கழற்றி, குனிந்து, அவற்றை வாசலைப் பார்த்தபடி திருப்பி வைத்தார். எங்களுடைய சப்பாத்துகளும் அங்கே குவிந்து கிடந்தன. அவற்றையும் சோடி சேர்த்து வைத்தார். ஒரு பெரிய மனிதர் என்னுடைய ஊத்தைச் சப்பாத்தைத் தொட்டு வைத்ததை என்னால் நம்ப முடியவில்லை.

இருக்கையறைக்கு வந்ததும் அம்மா சோபாவைக் காட்டினார். அவர் இருக்கவில்லை. அம்மாவுக்கு முன்னால் மரத்தரையில் முழங்காலிட்டார். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றினார். பிறகு நெற்றி தரையில் படும்வரை குனிந்தார்.

அப்படி விழுந்து கும்பிடுவதை நான் கோயிலில் மட்டும்தான் கண்டிருந்தேன். அங்கே முன்னால் சாமி இருக்கும். இங்கே நின்றது முதியோர் இல்லத்தில் வேலை செய்யும், கையில் சொதி அகப்பை வைத்திருந்த என் அம்மா. அவர் திடுக்கிட்டு இரண்டு அடி பின்னால் போனார். தன்னைவிட வயதில் மூத்த ஒருவர் தன் காலடியில் விழுவதை அவரால் தாங்க முடியவில்லை.

"ஐயோ தம்பி, எழும்பச் சொல்லு!"

அவர் எழும்பவில்லை. தரையைப் பார்த்தபடியே நெடுநேரம் பேசினார். இடையில் "ஸொறி, வெரி ஸொறி" என்று இரண்டு தடவை சொன்னார். அந்த வார்த்தை எனக்கே தெரியும்.

மாமா தொண்டையைச் செருமினார்.

"அக்கா, வீடு நல்ல வடிவாயிருக்காம். கூப்பிட்டதுக்கு நன்றியாம். அவையின்ரை ஊரிலை முதன்முதல் ஒரு வீட்டுக்குப் போனா இப்பிடித்தான் சொல்லுறது."

"பிறகேன் ஸொறி எண்டு சொல்லுறார்?" என்று நான் கேட்டேன்.

"அவை தேத்தண்ணி வாங்கினாலும் ஸொறி சொல்லுவினம்."

நான் நம்பினேன். வீடு வடிவாக இருக்கிறது என்று சொல்வதற்கே இப்படி விழுகிற ஊர் எப்படிப்பட்டதாக இருக்கும் என்று நினைக்க எனக்குப் புல்லரித்தது. எங்கள் கறை படிந்த சோபாவைக்கூட ஒருமுறை மரியாதையோடு பார்த்தேன்.

அம்மா மாமாவைப் பார்த்தார். பிறகு அகப்பையை மேசையில் வைத்துவிட்டு, உப அதிபருக்கு எதிரே தானும் முழங்காலில் இருந்தார். இப்போது இரண்டு தலைகளும் ஒரே உயரத்தில் இருந்தன.

"தம்பி, இப்ப நான் சொல்லுறதைச் சொல்லு. ஒரு சொல்லும் மாத்தக்கூடாது."

"என்னக்கா?"

"எனக்கு அவரிலை கோபமில்லை எண்டு சொல்லு."

மாமா அம்மாவுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"அக்கா..."

"காது கேக்காத ஆக்களோடைதான் நான் நாள் முழுக்க வேலை செய்யிறன். நீ விமானநிலையத்திலை வந்து இறங்கேக்கையே எனக்கு விளங்கீட்டுது. நீயாச் சொல்லுவாய் எண்டு இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டிருந்தன். இவர் ஏன் விழுந்து கும்பிடுறார் எண்டும் இப்ப விளங்குது. சொல்லு."

மாமா சொன்னார். ஜப்பானிய மொழியில் அது மிகச் சின்ன வசனமாக இருந்தது. உப அதிபர் தலையை நிமிர்த்தினார். அவருடைய நெற்றியில் தரையின் கோடு பதிந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றி, நேர்த்தியாக மடித்த கைக்குட்டையால் கண்களைத் துடைத்தார். அம்மா அவருடைய கையைப் பிடித்து எழுப்பி மேசைக்குக் கூட்டிப்போனார். அவர் மூன்று தடவை இடியப்பம் வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே அம்மா மாமாவிடம், திரும்பிப் போக எந்தத் திகதிக்கு ரிக்கெற் என்று கேட்டார். மாமா சொன்னார். "சரி, அதுக்குள்ளை உனக்குக் கொண்டுபோக மிளகாய்த்தூள் இடிப்பிச்சு வைக்கிறன்," என்றார் அம்மா. மாமா கோப்பையைப் பார்த்தபடி தலையாட்டினார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காது கேளாதது அந்தக் கிழவருக்குத்தான் என்றும், அம்மாவுக்கு ஏனோ அதில் கோபமில்லை என்றும் எடுத்துக்கொண்டேன்.

பின்னேரம் அவரை ரயில் ஏற்றிவிட்டு வந்ததும் மாமாவை ஒளித்துப் பிடித்து விளையாட இழுத்துப்போனேன். வீட்டின் பின்வளவில் ஒளிந்துகொண்டு, "மாமா, நான் இஞ்சை!" என்று கத்துவேன். மாமா அதற்கு நேர் எதிர்ப்பக்கம் திரும்பி நடப்பார். பக்கத்துச் செடிப் பற்றைக்குள் இருந்து கத்தினாலும் அவர் கொட்டகைக்குப் பின்னால் போய்த் தேடினார். ஏழு தடவை விளையாடினோம். ஏழு தடவையும் அவர் என்னைக் கண்டுபிடிக்கவில்லை. அம்மா குசினி வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமாவுக்கு விளையாடவே தெரியாதம்மா!" என்று கத்திவிட்டு, உலகத்திலேயே என்னைப்போல ஒளியத் தெரிந்தவர் எவருமில்லை என்ற பெருமையோடு எட்டாவது தடவையும் ஒளிய ஓடினேன்.