நெற்றிக்காசின் புள்ளி

பக்கத்துக் கடை நல்லம்மாவைச் சாதுவான மனுஷி என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். பலாபத்வலயில் ரோட்டோரமாகக் காய்கறி விற்கிறாள். தம்புள்ளையிலிருந்து வரும் கத்தரிக்காயில் ஒரு சொத்தையைக்கூட எந்த லொறிக்காரனும் அவள் தலையில் கட்ட முடியாது. அவளைப் போய் அவளுடைய அண்ணன் மாணிக்கவாசகம் ஏமாளி என்று நினைத்தான். அங்கேதான் அவனுக்குச் சனி பிடித்தது.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். வேதக்காரரான செபஸ்தியனைக் கட்டிக்கொண்டாள் என்று அண்ணன் பேச்சை நிறுத்தினான். அதுகூடப் பரவாயில்லை. தாய் வேலம்மா செத்தபோது இவளுக்குச் சொல்லியனுப்பவில்லை. கேட்டவர்களிடம், "சொல்லியாச்சு, அவதான் வரமாட்டேங்கிறா" என்று வாய் கூசாமல் சொன்னான். யாரோ சொல்லி இவள் ஓடிப் போனபோது சாம்பலுக்குப் பால் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் ஒரு பழைய வெள்ளி ரூபாயை இவள் காலடியில் போட்டான். தாயைத் தூக்குமுன் நெற்றியிலிருந்து எடுத்த காசு அது.

"அம்மாவோட நெத்திக் காசு. இதுதான் ஒன் பங்கு. எடுத்துக்கிட்டுப் போ."

குனிந்து எடுத்தாள். துணியில் முடிந்து மாதா படத்துக்குப் பின்னால் வைத்தாள். பெற்றவள் முகத்தைப் பார்க்கக்கூட வராதவள் என்று தோட்டம் பேசிய பேச்சு அவள் வயிற்றில் எரிந்துகொண்டே இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் அண்ணனை மன்னிக்கச் சொன்னாராம். "யோசிக்கிறேன் ஃபாதர்" என்றாளாம்.

அவன் இப்போது ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்து வாசலில் வெள்ளைக்காரர்களுக்குப் பழைய காசு விற்கிறான். போன மாதம் அப்பிள் பையோடு இவள் கடைக்கு வந்து நின்றான். நானும் அங்கேதான் இருந்தேன்.

"தங்கச்சி, அம்மா அடிக்கடி கனவுல வாறாங்க. அந்தக் காச சாமி ரூம்ல வச்சுக் கும்பிடணும்னு ஆச. பத்திரமா இருக்கா? கீழ ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அன்னைக்கு அழுக்குன்னு நெனச்சு நகத்தால சொரண்டினேன், போகல. புள்ளி இருக்கான்னு மட்டும் பாரு."

கனவில் வரும் தாய் புள்ளியையா விசாரிப்பாள்? நல்லம்மா முகத்தில் ஒன்றும் காட்டாமல், "தேடிப் பாக்கிறேன் அண்ணே" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள். மறுநாள் சரக்கெடுக்கத் தம்புள்ளைக்குப் போனவள், மணிக்கூடு திருத்தும் முஸம்மிலிடம் காசைக் காட்டினாள். அவர் பழங்காசும் வாங்கி விற்பவர். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு அவளையும் பார்க்கச் சொன்னார்.

"ராஜா தலை இல்லாத பக்கம், அடியில தாமரைப்பூ தெரியுதா அக்கா? அதுக்குக் கீழ புள்ளி இருந்தா பம்பாய்ல அடிச்சது. கல்கத்தாவுல அடிச்சதுன்னா அந்த எடம் வெறுமையா இருக்கும். இதுல போட்டிருக்கிற வருஷத்துக் காசு புள்ளியோட லேசுல ஆப்பிடாது. பழங்காசு சேக்குற ஆக்கள் தேடித் திரியிறாங்க."

திரும்பி வந்தவள் எல்லாவற்றையும் சொன்னாள். "முஸம்மிலுக்கே வித்துடு" என்றேன். செபஸ்தியன் ஒழுகும் கூரைத் தகரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"விக்கலாம். ஆனா அது அவனுக்கு வலிக்காதே" என்றாள்.

மாதாவிடம் போனால் அவளும் மன்னிக்கத்தான் சொல்வாள். அதனால் நல்லம்மா தோட்டத்து முனியாண்டி சாமியிடம் போக முடிவு செய்தாள். பொறுக்க முடியாத அநியாயம் செய்தவனின் பேரைச் சொல்லி முனியாண்டி முன்னால் ஒரு காசை வெட்டிப் போட்டால் உறவு அத்தோடு தீர்ந்தது. வெட்டிய துண்டைத் தொடுகிறவனைச் சாபம் பிடிக்கும். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. யாரும் துணிந்து செய்வதுதான் இல்லை.

வெள்ளிக்கிழமை முனியாண்டி கோயிலில் வைத்துக் காசைத் தருவதாக அண்ணனுக்குச் சொல்லியனுப்பினாள். சலவை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக வந்தான். லயத்து ஆட்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். நல்லம்மா காசைப் பலிக்கல்லில் வைத்தாள். மடியிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தாள். உளியின் வாய் தாமரைக்குக் கீழே உட்கார்ந்தது.

"ஐயோ, புள்ளி! புள்ளியில வைக்காதடி! அதுக்குத்தானே வெல! வாங்க ஆள் வந்து காத்துக்கிட்டிருக்கான்!" என்று கத்தினான் மாணிக்கவாசகம்.

"கும்பிடத்தானே கேட்டே?" என்று கூட்டத்தில் ஒரு கிழவர் சத்தமாகவே கேட்டார்.

"அம்மா செத்தத எனக்குச் சொல்ல ஒனக்கு வாய் வரல. கேட்டவங்ககிட்டப் பொய் சொன்னே. இப்ப எல்லாரும் இருக்காங்க, சொல்லு. எனக்குச் சொல்லியனுப்பினியா?" என்று கேட்டாள் நல்லம்மா.

அவன் கண்ணை உளியிலிருந்து எடுக்காமல், "இல்ல. சொல்லல. வேணும்னுதான் சொல்லல. காசக் குடுத்துடு" என்றான்.

கேட்டது கிடைத்துவிட்டது, இனி நிறுத்திவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் அவன் பேரைச் சொல்லி ஓங்கி அடித்தாள். இரண்டாவது அடியில் காசு பிளந்தது.

மாணிக்கவாசகம் குனிந்து கையை நீட்டினான். தொடப் பயந்து இழுத்துக்கொண்டான். பிறகு மறுபடி நீட்டினான். நல்லம்மா முந்தானையை உதறிக்கொண்டு நடந்தாள்.

வரும் வழியில் நான்தான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன். "அம்மா ஞாபகமா ஒங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதானே?"

"அது இனி எங்கிட்ட இல்ல" என்றாள். "அவங்கிட்டயும் இல்ல."