கீழ்வீட்டு அண்ணனிடம் சொன்ன பொய்

தல்லாகுளத்தில் வாடகைக்கு இருக்கும் மாடிவீட்டில்தான் குக்கீஸ் சுட்டு விற்கத் தொடங்கினேன். கோதுமை மாவில் முந்திரி, பேரீச்சை, உலர்ந்த அத்தி சேர்த்துத் தடிமனாகச் சுடுவேன். வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிந்தால் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

கீழ்வீட்டில் குடியிருந்த அண்ணன் தினமும் காலையில் படியருகே நின்று கேட்பார். "இன்னைக்கு ஓவன் போடுறியாம்மா? எம்புட்டு நேரம் ஓடும்?"

இவருக்கு எதற்கு இந்த விசாரணை? வீட்டுக்காரரிடம் போட்டுக்கொடுக்கத்தான் என்று முடிவு கட்டினேன். வாசனை கீழே போகாதபடி ஜன்னல்களைச் சாத்திவைத்தேன். ஒருநாள் வளைகாப்பு ஆர்டர் இருந்தும், "இன்னைக்குச் சுடலைண்ணே" என்று பொய் சொன்னேன்.

முதல் தட்டு ஓவனுக்குள் இருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. மாவு பாதி வெந்து, நடுவில் குழைந்து கிடந்தது. கீழே ஓடினேன். அண்ணன் ஃபியூஸ் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஓவனும் மோட்டாரும் சேந்து ஓடுனா இந்த லைன் தாங்காதும்மா. அதான் உன்கிட்ட கேட்டுக்கிட்டு, நீ முடிச்சப்பெறகு தண்ணி ஏத்துவேன். இன்னைக்குச் சுடலைன்னு சொன்னதும் மோட்டாரைப் போட்டுட்டேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணே."

"சொன்னா நீ யோசிச்சு யோசிச்சுச் சுடுவ. பொழப்பாச்சேம்மா."

புது மாவு பிசைந்து ஆர்டரை முடிக்கச் சாயங்காலம் ஆனது. அதுவரை கீழே மோட்டார் ஓடவில்லை.

ஏன் பொய் சொன்னாய் என்று அவர் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். கேட்காததால், அந்தப் பொய் இன்றுவரை என்னிடமே இருக்கிறது.