அயோத்தியாப்பட்டணம் ஸ்டாப்பிங்

போன மாதம் சேலத்தில் ஒரு கூட்டத்துக்குப் போனேன். ஆணை நேசித்த ஆண்களும் பெண்ணை நேசித்த பெண்களும் திருநங்கைகளும் இந்த ஊரில் எங்கெங்கே சந்தித்தார்கள், வாழ்ந்தார்கள் என்று இளைஞர்கள் சிலர் வரைபடம் தயாரிக்கிறார்கள். சுவரில் பெரிய தாள். பழைய பேருந்து நிலையம், மூடிப்போன தியேட்டர், பூங்கா என்று சிவப்புப் புள்ளிகள்.

"பொம்பளைங்க எடம் ஒண்ணுகூடக் கெடைக்கலைங்க," என்றாள் அதை நடத்திய பெண்.

எனக்கு ஓர் இடம் தெரியும். ஐம்பத்தேழு வயதில், கடைசி வரிசையில், கூட்டம் கலையட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

இருபத்தைந்து வயதில் சேலத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். புடவைப் பிரிவில் என்னோடு நின்றவள் பரமத்தி வேலூர்க்காரி. விடுதியிலும் ஒரே அறை. எங்களுக்குள் இருந்தது காதல் என்று இருவருக்கும் தெரியும். அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அவள்தான் துணிந்து, சேலத்தை ஒட்டி ஆத்தூர் ரோட்டில் இருக்கும் அயோத்தியாப்பட்டணத்தில் வாடகைக்கு வீடு பிடித்தாள்.

"அக்கா தங்கச்சின்னு சொல்லியிருக்கறேன். ஞாயித்துக்கெழமை பொட்டியோட வந்துரு. ஸ்டாப்பிங்லயே நிக்கறேன்."

சனிக்கிழமை அண்ணன் விடுதிக்கு வந்தார். புதன்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றார். "சரிங்கண்ணா" என்றேன். ஆனாலும் மறுநாள் பெட்டியோடு ஆத்தூர் பஸ் ஏறினேன். ஸ்டாப்பிங்கில் அவள் நின்றிருந்தாள், கையில் புதுப் பிளாஸ்டிக் குடம். ஜன்னல் ஜன்னலாகத் தேடினாள். கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லி இறங்கச் சொன்னார். நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.

அதைத் தாண்டி வாழப்பாடியில் இறங்கி அடுத்த பஸ்ஸில் சேலத்துக்கே திரும்பினேன். அதுவும் அதே வழிதான். தலையைக் குனிந்தே இருந்ததால், அவள் அப்போதும் நின்றிருந்தாளா என்று தெரியாது.

எனக்குத் திருமணமானது. அவள் அந்த வீட்டில் எட்டு மாதம் தனியாக இருந்தாள் என்று கடையில் வேலை பார்த்த ஒருத்தி பின்னால் சொன்னாள். பிறகு எங்கே போனாளோ. நான் தேடவில்லை.

கூட்டம் கலைந்ததும் அந்தப் பெண்ணிடம் போய் இடத்தைச் சொன்னேன்.

"நீங்க அங்க குடியிருந்தீங்களாம்மா?"

"இல்ல சாமி. ரெண்டு பேருக்குன்னு புடிச்ச ஊடு. நான் போகல."

அவள் தாளில் சிவப்புப் புள்ளி வைத்தாள். "அவங்க பேருங்கம்மா?"

"வேண்டாம் சாமி. அவளக் கேக்காமச் சொல்லக் கூடாது," என்றேன். கேட்பதற்கு அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.