குசினிக் கதவுக்கு ஒரு ரிவால்வர்

ஆயுதச் சட்டத்தின் பதிமூன்றாம் பிரிவு சொல்வது இது: கைத்துப்பாக்கி கேட்டு ஒருவர் விண்ணப்பித்தால், உரிமம் வழங்கும் அதிகாரி அவரைப் பற்றி அருகிலுள்ள காவல் நிலையத்திடம் அறிக்கை கேட்க வேண்டும். குறித்த காலத்துக்குள் அறிக்கை வராவிட்டால், தகுமென்று கருதும் பட்சத்தில், அதற்காக மேலும் காத்திராமல் ஆணையிடலாம். அந்தக் காலம் முப்பது நாள் என்று விதிகளில் இருக்கிறது. இப்படிப்பட்ட வாசகங்களோடு அரசாங்கச் சம்பளத்தில் வாழ்ந்து ஓய்வு பெற்றவன் நான். ‘தகுமென்று கருதும் பட்சத்தில்’ என்பதற்குள் எத்தனை கோப்புகள் கால் நீட்டிப் படுத்திருக்கும் என்று தெரியும். தெரிந்தும் விண்ணப்பித்தேன்.

காரணம், என் குசினிக் கதவுக்கு, அதாவது அடுக்களையின் பின்கதவுக்கு, வெளியே கிடந்த காலடித் தடங்கள்.

தூத்துக்குடியின் வடக்கு விளிம்பில், உப்பளங்கள் தொடங்கும் இடத்தில் என் வீடு இருக்கிறது. மனை மலிவாகக் கிடைத்ததென்று கட்டியது. பின்பக்கம் சுவர் ஒரு மூலையில் இடிந்து போயிருக்கிறது. அதற்கப்பால் பாத்திகள், வரப்புகள், தார்ப்பாய் போர்த்திய உப்புக் குவியல்கள், தொலைவில் துறைமுகத்தின் விளக்குகள். மனைவி இறந்து இரண்டு வருடமாகிறது. பக்கத்து வீட்டில் ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். ஒரு மத்தியானம் அவர்களைக் கட்டிப்போட்டு, தாலிச் சங்கிலி முதல் மிக்சி வரை எடுத்துக்கொண்டு போனார்கள். தம்பதி மகனிடம் சென்னைக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் மாலையில் எரியும் விளக்கு என்னுடையது மட்டும்தான்.

ஆனி மாதம் ஒரு காலையில் குசினிக் கதவைத் திறந்தேன். சிவப்புச் சிமெண்டு பூசிய மூன்று படிகளிலும் வெள்ளை வெள்ளையாக வெறுங்கால் தடம். சுண்ணாம்போ என்று தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. பாத்தித் தண்ணீரில் நனைந்த கால் படியேறியிருக்கிறது. தண்ணீர் காய்ந்து உப்பு தங்கியிருக்கிறது. இதுவரை விளங்கியது. விளங்காதது, மேல்படியில் இரண்டு பாதமும் சேர்ந்து, கதவைப் பார்த்து நின்ற விதம். வந்த தடம் இருந்தது. போன தடம் இல்லை.

நானும் சும்மா இருப்பவனல்ல. மறுநாளே பாத்தியில் காலை நனைத்துக்கொண்டு வந்து, அதே படியில் நின்று பார்த்தேன். கொஞ்ச நேரம் நின்றால் கால் உலர்ந்துவிடுகிறது. திரும்பிப் போகும்போது தடம் விழுவதில்லை. சரி, பேயில்லை என்று குறித்துக்கொண்டேன். அடுத்த வரி அதைவிட மோசமாக இருந்தது: அப்படியானால் யாரோ என் கதவுக்கு வெளியே, கால் உலரும்வரை, தட்டாமல் நிற்கிறார்கள்.

தடங்கள் சில நாள் இருந்தன, சில நாள் இல்லை. ஆவணியில் சத்தமும் சேர்ந்துகொண்டது. மாதா கோயில் சாயங்கால மணி அடித்து ஓய்ந்ததும், கதவுக்கு அந்தப் பக்கம் தாழ்ந்த குரலில் ஒரு முணுமுணுப்பு. பேச்சில்லை, அழுகையில்லை. ஏற்ற இறக்கம் இல்லாமல், எதையோ எண்ணுவது மாதிரி. ஜன்னலைத் திறந்தால் நின்றுவிடும். ஜன்னலிலிருந்து படி தெரியாது. உப்புக் குவியல்கள்தான் தெரியும், போர்த்திக்கொண்டு உட்கார்ந்த ஆட்களைப் போல.

அதற்கு முன்பே, ஆடி முதல் வாரத்தில், விண்ணப்பத்தைக் கொடுத்திருந்தேன். மருத்துவச் சான்று, ஆயுதம் கையாளும் பயிற்சிக்கான சான்று, மனைவியின் இறப்புச் சான்று எல்லாம் வரிசை எண்ணிட்டு இணைத்தேன். காரணம் என்ற இடத்தில் ‘தற்காப்பு’ என்று எழுதினேன். எதனிடமிருந்து என்று கேட்டிருந்தார்கள். ‘உப்பு’ என்று எழுத முடியாதல்லவா. பக்கத்து வீட்டுக் கொள்ளையை எழுதினேன்.

உரிமம் வருவதற்குள் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்துவிடலாம் என்று திருநெல்வேலியில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் அறுபது வயதுக்காரர், நெற்றியில் திருநீறு. கண்ணாடிப் பெட்டிக்குள் பறவை விரட்டும் ஏர்கன்களும் உள்நாட்டுத் தயாரிப்பு ரிவால்வர்கள் இரண்டும் இருந்தன.

“லைசென்ஸ் இருக்கா அண்ணாச்சி?”

“வரும்.”

“எல்லாரும் அதத்தான் சொல்லுதாங்க. பரவால்ல, பாருங்க. பாக்குறதுக்கு லைசென்ஸ் வேண்டாம்.”

நான் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஒன்பது மில்லிமீட்டர் தடை செய்யப்பட்ட ரகம். சாமானியனுக்கு பாயிண்ட் முப்பத்திரண்டுதான். பிஸ்டலா ரிவால்வரா என்பதே கேள்வி. பிஸ்டலில் குண்டு அதிகம் கொள்ளும். ஆனால் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து விட வேண்டும். என் விரல் மூட்டுகள் ஊறுகாய்ப் பாட்டில் மூடிக்கே சம்மதிப்பதில்லை. ரிவால்வர் எளிது. ஆறு குண்டு, இழுத்தால் வெடிக்கும், அலமாரியில் ஒரு வருடம் கிடந்தாலும் கோபித்துக்கொள்ளாது. கடைக்காரர் உருளையைத் திறந்து காலியென்று காட்டி, என் கையில் வைத்தார். உரித்த தேங்காய் அளவுக்குக் கனம், தேங்காயைவிடக் குளிர்ச்சி.

“சுவத்தப் பாத்து நீட்டுங்க. ஆளுமேல நீட்டாதீங்க, காலியா இருந்தாலும். எதிர்ல ஒருத்தன் நிக்கான்னு நெனச்சுக்கோங்க. நெஞ்சுக்கு நேரா.”

நினைத்துப் பார்த்தேன். நெஞ்சு வரவில்லை, முகம் வரவில்லை. பாதங்கள் மட்டும் வந்தன, சேர்ந்து நின்றபடி. கை தானாகக் கீழே போயிற்று.

“என்ன அண்ணாச்சி, எலி அடிக்கவா வாங்குதீங்க? தரையக் குறி வைக்கீங்க!”

அழுத்தினேன். முதல் தடவை விசை அசையவில்லை. இரண்டு விரலைச் சேர்த்து அழுத்திய பிறகு ‘டக்’ என்றது. கடைக்காரருக்குச் சிரிப்பு.

“ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீங்க. இத வாங்குறதுக்கு முன்னால நல்ல டார்ச் ஒண்ணு வாங்குங்க. இருட்டுல நிக்கது யாருன்னு தெரியாம சுட்டவங்க கதை எங்கிட்ட நெறைய கெடக்கு. பால்காரன், பேரன், பொண்டாட்டி...”

“பொண்டாட்டி இல்லை.”

“அப்பம் ரொம்ப யோசிக்க வேண்டாம். டார்ச் கறுப்பா, சில்வரா?”

ஏர்கன்னைத் தவிர்த்தால், உரிமம் இல்லாதவனுக்கு அவரால் விற்க முடிந்தது அது ஒன்றுதான். கறுப்பு வாங்கினேன். ரிவால்வரும் மனதுக்குள் முடிவாகிவிட்டது: குட்டைக் குழல், மரப்பிடி.

முப்பது நாள் போயிற்று. அதிகாரி எதையும் தகுமென்று கருதவில்லை. நிலையத்துக்கே போய்க் கேட்டேன். முன்பு என் வீட்டுக்கு விசாரணைக்கு வந்திருந்த இளம் காவலர், நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்.

“அறிக்கை ரெடிதான் சார். உறவுக்காரங்க ஒருத்தர் வாக்குமூலம் மட்டும் வேணும். உங்களுக்குப் பக்கத்துல இருக்க ஒரே சொந்தம் உங்க மச்சான்தான். அவரு கையெழுத்துப் போட மாட்டேங்காரு.”

“என்ன சொல்றார்?”

“‘யோசிச்சுச் சொல்லுதேன்’ங்காரு சார். மூணு வாட்டி போயிட்டேன். ஒவ்வொரு வாட்டியும் மீன் குடுத்து அனுப்புதாரு.”

மச்சான் என் மனைவியின் அண்ணன். உப்பளத்துக்கு அப்பால் மீனவர் குடியிருப்பில் இருக்கிறார். சங்கு குளிக்கும் படகில் வாழ்க்கை முழுவதும் கயிறு பிடித்தவர். எங்கள் கரையில் முத்துக் குளித்த காலம் தொட்டு ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிக்க வேண்டும். அண்ணன் தம்பியை நம்பக் கூடாது, அவர்களுக்குப் பங்குக் கணக்கு உண்டு. மனைவியின் சகோதரனோ, தன் சகோதரி விதவையாவதை விரும்ப மாட்டான். கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவன் இழுத்துக்கொள்வான். இதைவிடக் கச்சிதமான பாதுகாப்பு விதியை எந்த அரசாணையிலும் நான் பார்த்ததில்லை.

கல்யாணமான புதிதில் மச்சான் என்னையும் ஒரு தடவை கடலில் இறக்கினார், வேடிக்கைக்கு. அவர்கள் கடிகாரம் பார்ப்பதில்லை. கயிற்றைப் பிடித்தபடி பிரியதத்த மந்திரம் சொல்லி எண்ணுவார்கள். மாதாவுக்கான அந்தச் சின்ன ஜெபத்தை எத்தனை தடவை சொன்னார்களோ அத்தனை நேரம் ஆள் கீழே. நான் அஞ்சாவதிலேயே சுண்டிவிட்டேன். மேலே வந்ததும் படகே சிரித்தது. அன்றிலிருந்து என் மனைவிக்கு என்மேல் கோபம் வந்தால், ‘அஞ்சு மந்திர மாப்பிள்ளை’ என்பாள்.

அவள் போனபின் மச்சான் வரவில்லை. தங்கை இல்லாத வீட்டுக்கு வலிய வருவது அவர்களுக்கு வழக்கமில்லை, கூப்பிட்டால் வருவார்கள். எதற்கென்று கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நிலையத்திலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் குசினியில் விளக்கைப் போடாமல், டார்ச்சோடு கதவருகே உட்கார்ந்தேன். மணி அடித்தது. ஓய்ந்தது. முணுமுணுப்பு தொடங்கியது. ரிவால்வர் இருந்திருந்தால் அந்த நேரத்தில் அது என் கையில் இருந்திருக்கும். கதவு மெல்லிய பலகை. டார்ச்தான் இருந்தது. தாழ்ப்பாளை இழுத்து, வெளிச்சத்தை அடித்தேன்.

மேல்படியில் ஒரு முதுகு. வீட்டைப் பார்க்காமல், உப்பளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. விரல்களுக்கிடையே ஜெபமாலை.

“வெளக்க அணையும் வே. கண்ணு கூசுது.”

“மச்சானா?”

“பின்ன? துப்பாக்கி வந்துட்டோ?”

“இல்ல.”

“நல்லது. வந்திருந்தா இந்நேரம் என்னயத் தூக்க நாலு பேரத் தேடிக்கிட்டு இருப்பீரு.”

பயந்ததை மறைக்கக் கோபப்பட்டேன். “முன்வாசல்ல பெல் இருக்கு மச்சான்.”

“பெல்லடிச்சா என்ன வேணும்னு கேப்பீரு. எந்தங்கச்சி இல்லாத வீட்டுல எனக்கு என்ன வேணும்? நீரும் கயித்தச் சுண்டலியே. ரெண்டு வருசம்.”

“கையெழுத்து ஏன் போடல?”

“நண்டு ஓடுனா கட்டில்ல ஏறுத ஆளு நீரு. உம்ம கையில துப்பாக்கியா? இருட்டுல எது அசைஞ்சாலும் சுடுவீரு.”

“ஆனியிலிருந்து இப்படி வந்து நின்னா எவன்தான் பயப்பட மாட்டான்?”

அவர் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார்.

“ஆனியா? ஆனியில நான் கொல்லத்துல போட்டுலல்லா கெடந்தேன். ஆவணி பொறந்த பொறவுதான் வாரேன்.”

டார்ச்சைப் படியில் அடித்தேன். கீழ்ப்படியிலிருந்து ஈரத் தடங்கள் ஏறியிருந்தன. வெறுங்கால். மச்சானின் காலைப் பார்த்தேன். கனத்த ரப்பர் செருப்பு. வார் வரை உப்பு அப்பியிருந்தது.

“செருப்பில்லாம உப்பளத்துல எவன் நடப்பான்?” என்றார், நான் கேட்பதற்கு முன்பே. “தோல் உரிஞ்சு போவும்.”

“அப்ப இது யாரு?”

“அவதான் வாரா. நான் பின்னால வாரேன். வரப்பு வழுக்கும்லா.”

அதை அவர், பஸ் வருகிறது என்பது போலச் சொன்னார். கோப்புக்கு ஆதாரம் கேட்டே பழகியவன், கேட்டேன்: “நீரு கண்ணால பாத்தீரா?”

“கயிறு புடிக்கவன் தண்ணிக்குள்ள பாக்கவா செய்தான்? கைக்குத் தெரியும்.”

“எதுக்கு வாரா?”

“அத உம்மட்டல்லா கேக்கணும். ஒரு நாளாவது கதவத் தொறந்தீரா?”

உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, “இது டீயா வே? பாத்தித் தண்ணி இதவிட நல்லாருக்கும்” என்றார். ஆனாலும் டம்ளரைக் காலி செய்தார். போகும்போது, “அந்தப் போலீஸ்காரப் பய நாளைக்கு வருவான். இன்னைக்கு வெளக்க அடிச்சுப் பாத்தீருல்லா, கையெழுத்துப் போட்டுக் குடுக்கேன். துப்பாக்கி வந்தா மொதல்ல எங்கிட்ட காட்டும்” என்றார்.

மறுநாள் கடைத்தெருவுக்குப் போய், பாதுகாப்பு நடவடிக்கையாக, தேங்காய் நாரில் செய்த ஒரு மிதியடி வாங்கிக் குசினிக் கதவுக்கு உட்பக்கம் போட்டேன். ஈரக்காலோடு உள்ளே வராதே என்று என் மனைவியை முப்பது வருடம் கண்டித்திருக்கிறேன். மிதியடி வாங்க வேண்டுமென்று அப்போது தோன்றியதில்லை. சாயங்கால மணிக்குப் பிறகு கதவைத் தாழிடுவதையும் நிறுத்தினேன். பயம் போகவில்லை. ஆனால் அதற்கு ஒரு முகவரி கிடைத்திருந்தது.

விண்ணப்பத்தை நான் திரும்பப் பெறவில்லை. அதற்கும் காரணம் எழுத வேண்டும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பாத்திகள் நிறைந்து வரப்புகள் மறைந்தன. படியில் தடம் எதுவும் தங்கவில்லை; யாரும் வரவில்லை என்பதற்கு அது ஆதாரமும் இல்லை. மிதியடி மட்டும் சில காலைகளில் ஈரமாக இருந்தது. சாரலாக இருக்கலாம். மச்சான் சுற்றிக்கொண்டு ரோட்டு வழியாகவே வந்தார், முன்வாசலுக்கே, பெல்லடித்து. ஆனால் குசினியில்தான் உட்காருவார், முதுகை எனக்குக் காட்டி, கதவைப் பார்த்தபடி. மந்திரங்களை நானும் எண்ண ஆரம்பித்தேன். ஐம்பதைத் தாண்டும்.

பதில் வந்த அன்று மத்தியானம் மழை விட்டிருந்தது. மச்சான் மெழுகுவத்திக் கட்டும் சாமந்திப் பூவுமாக வந்து, என் மனைவியின் கல்லறைக்குப் போக என்னை அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். தபால்காரர் பதிவுத் தபாலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பழுப்பு உறை. பிரித்தேன். மறுக்கவில்லை, வழங்கவும் இல்லை. விண்ணப்பதாரரின் மனைவி சம்மதம் தெரிவித்துக் கையொப்பமிட்ட கடிதம் இணைக்கப்படவில்லை. அதைப் பெற்று அனுப்பினால் மேல் நடவடிக்கை எடுக்கப்படும். இறப்புச் சான்று மூன்றாம் இணைப்பாகப் போயிருந்தது. யாரோ அதைப் பார்த்து எண்ணிக்கையைச் சரிபார்த்துப் பச்சை மையில் ஒரு சரிக்குறியும் போட்டிருப்பார்கள். எனக்கு அந்தச் சரிக்குறி தெரியும்.

“என்ன வே போட்டிருக்கு?”

“உம்ம தங்கச்சி கையெழுத்து வேணுமாம்.”

மச்சான் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. மெழுகுவத்திக் கட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“காயிதத்த எடுத்துக்கிடும்” என்றார். “போய்க் கேப்போம்.”

எடுத்துக்கொண்டேன். பதில் வந்து சேர்ந்த அந்தத் தேதி நவம்பர் இரண்டு, இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாள்.